ஜீப்புக்குள் இரைச்சலும் வெயிலும்

மதுரையிலிருந்து மேற்கே உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி வழியாகப் போடிநாயக்கனூர் சென்றவர்கள் அங்கே அதிகாலையில் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்படுவதைப் பார்த்திருப்பார்கள். ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, கேரள எல்லையைக் கடந்து, மாலையில் அதே வழியில் அந்த வண்டிகள் இறங்கும். உள்ளே அமர்ந்திருப்பவர் பக்கத்திலிருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசவேண்டுமானால் கத்தித்தான் பேசவேண்டும். ஓட்டுநருக்கோ இது அன்றாடப் பிழைப்பு. சித்திரை மாதத்தில் மலையிறங்கிச் சமவெளிக்கு வந்துவிட்டால் இரைச்சலோடு வெக்கையும் சேர்ந்துகொள்ளும்.

மதுரைப் பக்கத்தில் பழைய ஜீப்பை வாங்கிப் புதுப்பிக்கும் ஆர்வம் இப்போது அதிகம். டிங்கர் வேலை முடிந்து, வண்ணம் அடித்து, கடைசியாக வண்டி குஷன் கடைக்கு வரும். அங்கே, "உள்ளே முழுக்க ஷீட் ஒட்டிவிட்டால் சத்தமும் வராது, சூடும் வராது" என்பார்கள். ஒரே ஷீட் இந்த இரண்டு வேலைகளையும் செய்யுமா? செய்யாது. ஏன் செய்யாது என்பதைப் பள்ளியில் நீங்கள் படிக்கும் இயற்பியலைக் கொண்டே விளக்கிவிடலாம். தகட்டின் அதிர்வைத் தணிப்பது ஒரு வேலை. ஒலியைக் குறுக்கே நின்று தடுப்பது மற்றொரு வேலை. உள்ளே வந்துவிட்ட ஒலியை உட்கவர்வது மூன்றாவது. வெப்பத்தைத் தடுப்பது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் பொருள் வேறு, ஒட்டும் இடமும் வேறு.

இந்த வண்டி ஏன் இப்படி இரைகிறது?

ஜீப் இரண்டாம் உலகப்போரின் குழந்தை. 1941 முதல் அமெரிக்கப் படைகளுக்காக வில்லிஸ் நிறுவனம் இதைப் பெருமளவில் செய்தது. எந்தப் பட்டறையிலும் செப்பனிடக்கூடிய, எடை குறைந்த, விரைவில் செய்து முடிக்கக்கூடிய வண்டி வேண்டும் என்பதே நோக்கம். காதுக்கு இனிமை அந்தப் பட்டியலில் இல்லை. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளை இணைத்துக் கட்டத் தொடங்கியது. பின்னர் பல பெயர்களில் வந்த வண்டிகளும் அந்தச் சட்டத்தின் வழிவந்தவையே. 2010இல் வந்த தார் வண்டியும் தட்டையான தகடு, நிமிர்ந்த கண்ணாடி, மேலே படுதா என்ற பழைய முகத்தை விடவில்லை.

தட்டையான தகடு என்பதைக் கவனியுங்கள். வளைந்த தகடு விறைப்பானது. தட்டையான தகடு எளிதில் அதிரும். முறத்தையும் தட்டையான அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே இது விளங்கும்.

இனி ஒலியின் மூலங்களைப் பார்ப்போம். முதலாவது எஞ்சின். நான்கு உருளைகள் கொண்ட நான்கு வீச்சு டீசல் எஞ்சினில், ஒவ்வொரு உருளையும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிபொருளை எரிக்கிறது. ஆகவே ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்புகள். எஞ்சின் நிமிடத்துக்கு 1800 சுற்றுகள் சுழன்றால் வினாடிக்கு 30 சுற்று, வெடிப்புகள் 60. அதாவது எஞ்சினின் முதன்மை அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். காற்றின் வெப்பநிலை 40 பாகை செல்சியஸ் இருக்கும்போது ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 355 மீட்டர். எனவே இந்த ஒலியின் அலைநீளம் 355 ÷ 60, ஏறத்தாழ 6 மீட்டர்! வண்டியைவிட அலை நீளமானது. இந்த 6 மீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், விரைவில் தேவைப்படும்.

இரண்டாவது டயர். சேற்றுப் பிடிப்புக்காகப் பெரிய கட்டைகள் வெட்டிய டயர் தார்ச்சாலையில் ஓடும்போது ஒவ்வொரு கட்டையும் சாலையை அறைகிறது. இடையிலுள்ள காற்று நசுங்கி வெளியேறுகிறது. டயர் ஒலியின் பெரும்பகுதி 1000 ஹெர்ட்சை ஒட்டி அமையும்.

மூன்றாவது காற்று. நிமிர்ந்த கண்ணாடியிலும் அதன் ஓரங்களிலும் மோதிச் சுழலும் காற்று எழுப்பும் ஒலியின் திறன் வேகத்தின் ஆறாம் அடுக்கை ஒட்டி உயர்கிறது. வேகம் 40 கிலோமீட்டரிலிருந்து 80 ஆனால் ஒலித்திறன் இரண்டு மடங்கு அன்று; 2 × 2 × 2 × 2 × 2 × 2 = 64 மடங்கு! மதுரை–திருச்சி நால்வழிச் சாலையில் ஜீப்பைச் சற்று மெதுவாக ஓட்டுவது, எந்த ஷீட்டையும்விடச் சிறந்த ஒலித்தடுப்பு. செலவும் இல்லை.

இவற்றோடு தேய்ந்துபோன எஞ்சின் மவுண்டிங் ரப்பர், ஓட்டை விழுந்த சைலன்சர், தளர்ந்த கதவுக் கீல் ஆகியவையும் சேரும். மவுண்டிங் ரப்பர் இறுகிப் பாறையாகிவிட்டால் எஞ்சினின் அதிர்வு சட்டத்தின் வழியே நேராகத் தகடுகளுக்குப் போகும். இவற்றை மாற்றாமல் ஷீட் ஒட்டுவது, கூரை ஓட்டை சொட்டும்போது தரையைத் துடைப்பது போன்றதே.

டெசிபெல் என்னும் அளவை

ஒலியை அளக்க டெசிபெல் என்ற அளவையைப் பயன்படுத்துகிறோம். இது மடக்கை அளவை. 10 டெசிபெல் கூடினால் ஒலியாற்றல் 10 மடங்கு. 20 கூடினால் 100 மடங்கு. 30 கூடினால் 1000 மடங்கு. வெறும் 3 கூடினாலே ஆற்றல் இரு மடங்கு. ஆனால் நம் காது இதை வேறுவிதமாகக் கணக்கிடுகிறது. சத்தம் "பாதியாகக் குறைந்தது" என்று நமக்குத் தோன்றவேண்டுமானால் சுமார் 10 டெசிபெல் குறையவேண்டும்.

செவியின் நலத்துக்கு வழங்கும் வரம்பு ஒன்றுண்டு. 85 டெசிபெல் இரைச்சலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகிறது. 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. வரம்பைத் தாண்டி ஆண்டுக்கணக்கில் இரைச்சலில் இருப்போரின் உட்செவியிலுள்ள மயிர்ச் செல்கள் அழிகின்றன. அவை மறுபடி முளைப்பதில்லை. நாள்தோறும் நான்கு மணி நேரம் மலைப்பாதையில் ஓட்டுபவருக்கு 91ஐ 88 ஆகக் குறைத்துக் கொடுத்தாலே பெரிய உதவி. அந்த 3 டெசிபெல் குறைவு அவர் காதுக்குப் பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஆனால் மயிர்ச் செல்களுக்குத் தெரியும்.

தட்டும் ஈரத்துணியும்

இப்போது ஒரு சோதனை. எவர்சில்வர் தட்டு ஒன்றை ஓரத்தில் இரண்டு விரலால் தொங்கவிட்டுக் கரண்டியால் தட்டுங்கள். 'ணங்' என்று நீண்டு ஒலிக்கும். அடுத்து, தட்டின் நடுவில் பிசைந்த களிமண்ணை உள்ளங்கையளவு அப்பித் தட்டுங்கள். 'டொக்' என்று அடங்கிவிடும். களிமண் தட்டை முழுவதும் மூடவில்லை. ஒலியின் குறுக்கே சுவர்போல நிற்கவும் இல்லை. பின் ஒலி எங்கே போயிற்று?

தட்டு வளைந்து நிமிரும்போது அதனோடு ஒட்டிய களிமண்ணும் நீண்டு சுருங்குகிறது. களிமண்ணுக்குள் உராய்வு மிகுதி. அதிர்வாற்றல் உள் உராய்வினால் வெப்பமாக மாறிவிடுகிறது. அந்த வெப்பம் மிகமிகச் சிறிது, தொட்டால் தெரியாது. இதற்கு நேர்மாறானவை மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் இசைத்தூண்கள். அந்தக் கல்லில் உள் உராய்வு மிகக் குறைவு. அதனாலேயே தட்டியதும் சுரமாக ஒலிக்கிறது. நாம் ஜீப்பின் தகட்டை இசைத்தூண் ஆகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

மெல்லிய தகட்டின்மேல் ஒட்டிய பூச்சு அதிர்வை எப்படித் தணிக்கிறது என்பதை ஜெர்மானியரான ஹெர்மன் ஓபர்ஸ்ட் 1952இல் கணக்கிட்டுக் காட்டினார். பூச்சு மெல்லியதாக உள்ளவரை, அதன் தடிமனை இரு மடங்காக்கினால் தணிப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்பது அவர் ஆய்விலிருந்து பெறும் செய்தி. ஆகவே தகடு முழுதும் மெல்லிய ஷீட் ஒட்டுவதைவிட, அதிகம் அதிரும் நடுப்பகுதியில் பாதிப் பரப்பை மட்டும் நன்றாக மூடுவது மேல். ஓரங்கள் பற்றவைப்பினால் ஏற்கெனவே விறைத்து நிற்கின்றன. அங்கே ஒட்டுவது வீண்.

இக்காலத்தில் விற்கும் ஷீட்டுகளில் பிசுபிசுப்பான பியூட்டைல் ரப்பரின்மேல் அலுமினியத் தகடு ஒட்டியிருக்கும். அந்த அலுமினியம் பளபளப்புக்காக வைத்ததன்று. ஒரு தடித்த புத்தகத்தை வளைத்துப் பாருங்கள். தாள்கள் ஒன்றன்மீது ஒன்று சரிகின்றன அல்லவா? அதுபோல ஜீப்பின் தகடு வளையும்போது, மேலேயுள்ள அலுமினியத்துக்கும் கீழேயுள்ள இரும்புக்கும் நடுவே சிக்கிய ரப்பர் பக்கவாட்டில் இழுபடுகிறது. இந்தச் சறுக்கு இழுப்பில் ஆற்றல் நிறையவே அழிகிறது. எனவே 2 மில்லிமீட்டர் ரப்பரும் நல்ல வேலை செய்யும். ஆனால் உருளையால் அழுத்தித் தேய்த்து ஒட்டவேண்டும். நடுவே காற்றுக் குமிழி நின்றால் அந்த இடத்தில் தணிப்பு இல்லை.

ஒலியைத் தடுப்பது எடை

தகடு அடங்கிவிட்டது, எஞ்சின் ஒலி காற்றின் வழியே வந்து தகட்டில் மோதுவது நிற்கவில்லை. அதைத் தடுப்பது எது? பஞ்சு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எடைதான் தடுக்கும். ஒலியலை தகட்டைத் தள்ளுகிறது. தகடு அசைந்து மறுபுறக் காற்றைத் தள்ளுகிறது. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி ஒரே விசைக்குக் கனமான பொருள் குறைவாகவே முடுக்கம் பெறும். ஆகவே கனமான தகடு குறைவான ஒலியையே கடத்தும். சதுர மீட்டர் எடை இரு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். அதிர்வெண் இரு மடங்கானாலும் 6 டெசிபெல் குறையும். இதற்கு நிறை விதி என்று பெயர்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 1 மில்லிமீட்டர் எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு 7.8 கிலோ. நிறை விதிப்படி இது 1000 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ 31 டெசிபெல் குறைக்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியையோ 11 டெசிபெல் மட்டுமே. எஞ்சினின் முழக்கம் உள்ளே வருவதற்கும், வெளியே பேசுவோரின் பேச்சு கேட்காமல் போவதற்கும் இதுவே காரணம். எஞ்சின் முழக்கத்தை இன்னும் ஒரு 6 டெசிபெல் குறைக்க அதே அளவு எடையைச் சேர்க்கவேண்டும். முன் தடுப்பும் தரையுமாக 4 சதுர மீட்டர் என்றால் 31 கிலோ! விளம்பரத்தில் "நூறு சதவீதம் ஒலி புகாது" என்று எழுதுபவருக்கு நியூட்டனைத் தெரியாது போலும்.

படுதாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது சதுர மீட்டருக்கு ஒரு கிலோகூட இராது. 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது இருப்பதும் இல்லாததும் ஒன்றே. படுதா ஜீப்பின் கூரையில் ஒலித்தடுப்புக்காகப் பணம் செலவிடவேண்டாம். தரையிலும் எஞ்சின் பக்கத்துத் தடுப்பிலும் மட்டும் செலவிடலாம்.

தரைக்கு ஒரு நல்ல உத்தி உண்டு. தகட்டின்மேல் 1 சென்டிமீட்டர் மென்மையான நுரை, அதன்மேல் 5 மில்லிமீட்டர் கனமான ரப்பர் விரிப்பு. நுரை சுருள்வில்லாகவும் ரப்பர் அதன்மேல் வைத்த எடையாகவும் செயல்படும். எடை தாங்கிய சுருள்வில்லுக்கு ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு அல்லவா? இந்த அடுக்குக்கு அது சுமார் 300 ஹெர்ட்ஸ். அதற்கு வெகுவாக மேலேயுள்ள 1000 ஹெர்ட்ஸ் டயர் ஒலி நன்றாகத் தடைபடும். 60 ஹெர்ட்ஸ் எஞ்சின் ஒலிக்கு நுரையால் பயன் இல்லை. ரப்பரின் எடை மட்டுமே உதவும். ரப்பர் விரிப்பைத் திருகாணி போட்டுத் தகட்டோடு முடுக்கிவிட்டால் சுருள்வில்லின் வேலை கெட்டுவிடும்.

ஓர் ஓட்டையின் கதை

ஜீப்பின் தடுப்பில் கிளட்ச், பிரேக் மிதிகளுக்கும், ஸ்டியரிங் தண்டுக்கும், மின்கம்பிகளுக்கும் துளைகள் உள்ளன. தரையில் கியர் தண்டுகளுக்குத் துளை. "இத்துணூண்டு ஓட்டைதானே" என்று விட்டுவிடுகிறார்கள். கணக்கு என்ன சொல்கிறது பாருங்கள்.

1 சதுர மீட்டர் தடுப்பு 30 டெசிபெல் குறைக்கிறது என்று கொள்வோம். அதாவது மோதும் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ளே வரும். அதில் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் ஓட்டை ஒன்று இருக்கட்டும். அது பரப்பில் நூறில் ஒரு பங்கு. அதன் வழியே நூறில் ஒரு பங்கு ஆற்றல் தடையின்றி உள்ளே வரும். மொத்தம் ஆயிரத்தில் 11 பங்கு. 30 டெசிபெல் தடுத்த தடுப்பு இப்போது 20ஐக்கூட எட்டவில்லை! சரி, தடுப்பை இரட்டைத் தடிமனாக்கினால்? தடுப்பின் வழியே வருவது ஆயிரத்தில் கால் பங்காகக் குறையும்; ஓட்டையின் வழியே வரும் 10 பங்கு அப்படியே இருக்கும். 20 டெசிபெலை ஒட்டியே நிற்போம். அந்தத் தடுப்பு மலைக்கல்லாக இருந்தாலும் இதே கதைதான். கதவின் அடியில் 1 மீட்டர் நீளத்துக்கு 1 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் அதன் பரப்பும் இதே 100 சதுர சென்டிமீட்டர் என்பதை மறவாதீர்கள்.

இதை வீட்டிலேயே கேட்டறியலாம். கைப்பேசியில் அலாரம் ஒலிக்கவைத்து, தகரப் பிஸ்கட் டின்னுக்குள் வையுங்கள். முதலில் மூடாமல் கேளுங்கள். பிறகு உள்ளே பஞ்சு விரித்து, மூடாமல் கேளுங்கள், வேறுபாடு சிறிதே. பஞ்சை எடுத்துவிட்டு மூடியை இறுக்கி மூடுங்கள், சட்டென்று குறையும். கடைசியாக மூடிக்கும் டின்னுக்கும் நடுவே ஒரு பென்சிலைச் செருகிச் சிறு இடைவெளி விட்டுக் கேளுங்கள். தடுத்த ஒலியில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். ஜீப்புக்கு ஒலித்தடுப்பு செய்யும் ஒருவர் முதலில் வாங்கவேண்டியது ஷீட் அன்று. கியர் தண்டுக்கு ரப்பர் உறை, கம்பித் துளைகளுக்கு ரப்பர் வளையம், கதவுகளுக்கு பீடிங் ரப்பர் ஆகியவைதான். இவை எல்லாம் சேர்த்தாலும் ஷீட்டின் விலையில் சிறு பங்கே ஆகும்.

நுரைப்பஞ்சு எதற்கு?

நுரைப்பஞ்சு ஒலியைத் தடுக்காது என்றால் சினிமாக் கொட்டகைச் சுவரில் ஏன் பஞ்சு வைத்துத் தைக்கிறார்கள்? அங்கே உள்ளேயே பிறந்த ஒலி சுவரில் பட்டுத் திரும்பி எதிர்முழக்கம் ஆகாமல் உட்கவர்வதற்காக. நுண்துளைகளுக்குள் காற்று ஓடி உராய்ந்து ஒலியாற்றல் வெப்பமாகிறது. ஆனால் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்காவது தடிமன் இருந்தால்தான் பஞ்சு உருப்படியாக உட்கவரும். 25 மில்லிமீட்டர் பஞ்சு, 25 சென்டிமீட்டரும் அதற்குக் குறைவுமான அலைகளுக்கே பயன்படும். அதாவது 1400 ஹெர்ட்சுக்கு மேல். மேலே சொன்ன 6 மீட்டர் அலைக்கோ 60 சென்டிமீட்டர் பஞ்சு வேண்டும். பிறகு ஜீப்புக்குள் ஆள் உட்கார இடம் இராது!

மற்றொரு செய்தி. நுரையில் இரு வகை உண்டு. திறந்த அறை நுரையில் அறைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. மூடிய அறை நுரையில் ஒவ்வொரு குமிழியும் தனித்தனி. கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? வாயில் வைத்து ஊதுங்கள். காற்று மறுபுறம் வந்தால் திறந்த அறை. அது ஒலியை உட்கவரும்; தண்ணீரையும் உறிஞ்சும். காற்று வராவிட்டால் மூடிய அறை. அது வெப்பத்தைத் தடுக்கும், தண்ணீரை உறிஞ்சாது, ஒலியை உட்கவர்வதில் மந்தம். தரைக்கு மூடிய அறை நுரையே வேண்டும். ஐப்பசி மழையில் நனைந்த காலோடு ஏறும் வண்டியில் திறந்த அறை நுரையோ தென்னை நார் மெத்தையோ தரையில் கிடந்தால், அடியில் ஈரம் நின்று தகடு துருப்பிடித்து ஓட்டையாகும். ஓட்டையின் கதையைத்தான் மேலே படித்தோமே. தரையில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளை மட்டும் அடைக்கக்கூடாது. அவற்றுக்குக் கழற்றி மாட்டும் ரப்பர் அடைப்பான் போடலாம்.

தகரக் கூரை போட்டு மூடிய ஜீப்புகளில், ஒரு குறிப்பிட்ட எஞ்சின் வேகத்தில் மட்டும் காது அடைப்பதுபோல் ஒரு குமுறல் எழும். வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் மறைந்துவிடும். ஓட்டுநர்கள் இதை நன்கு அறிவார்கள். இது ஒத்ததிர்வு. அறையின் நீளம் 2.4 மீட்டர் என்றால், அதன் இருமடங்கான 4.8 மீட்டர் அலைநீளமுள்ள ஒலி முன்னும் பின்னும் மோதி நிலையான அலையாகும். அதன் அதிர்வெண் 355 ÷ 4.8, ஏறத்தாழ 74 ஹெர்ட்ஸ். நான்கு உருளை எஞ்சின் எப்போது 74 ஹெர்ட்ஸ் தரும்? வினாடிக்கு 37 சுற்றில். நிமிடத்துக்கு 2220 சுற்றில். உண்மை வண்டியில் இருக்கைகளும் சரிவுகளும் இந்த எண்ணைச் சற்று நகர்த்தும். இந்தக் குமுறலுக்குப் பஞ்சு மருந்தாகாது. பின் கதவுத் தகட்டையும் கூரையையும் தணிப்பதே மருந்து. சன்னல் ஒன்றைச் சிறிது திறந்தாலும் குறையலாம். படுதா ஜீப்பில் இந்தத் தொல்லை இராது. உள்ளே வந்த தாழொலி வந்த வேகத்திலேயே படுதா வழியாக வெளியே போய்விடுகிறதே!

கூரையும் வெயிலும்

மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. ஆகவே ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகலில் சூரியன் நம் நேர் உச்சிக்கு வருகிறது. தெளிந்த வானில் அப்போது சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் வெயில் விழும். 2.4 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள கூரையின் பரப்பு 3.6 சதுர மீட்டர். விழுவது 3600 வாட். மூன்று நான்கு இஸ்திரிப் பெட்டிகளைக் கூரைமேல் வைத்ததற்குச் சமம். கறுப்புக் கூரை இதில் பத்தில் ஒன்பது பங்கை ஏற்கும். புதிய வெள்ளை வண்ணம் சுமார் கால் பங்கையே ஏற்கும். குஷன் கடைக்குப் போகுமுன் கூரையின் நிறத்தைப் பற்றி எண்ணுவது நல்லது.

கூரைத் தகடு 65 பாகைக்குச் சூடேறி, உட்காற்று 38 பாகையில் இருக்கிறது என்போம். வேறுபாடு 27 பாகை. வெறுந்தகட்டின் அடிப்புறத்திலிருந்து, ஒரு பாகை வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 வாட் வெப்பம் கீழே இறங்கும். மொத்தம் 27 × 6 × 3.6, அதாவது சுமார் 580 வாட். கூரையின் உட்புறம் 12 மில்லிமீட்டர் மூடிய அறை நுரை ஒட்டினால் இது சுமார் 190 வாட்டாகக் குறைகிறது. எஃகின் வெப்பங்கடத்தும் எண் 50; நுரையினுடையது 0.035 மட்டுமே. நுரையில் வேலை செய்வது பிளாஸ்டிக் அன்று. குமிழிகளுக்குள் நகர முடியாமல் சிறைப்பட்ட வாயு. நுரையை 25 மில்லிமீட்டர் ஆக்கினால் 110 வாட்டாகும். முதல் 12 மில்லிமீட்டர் 390 வாட்டைத் தடுத்தது. அடுத்த 13 மில்லிமீட்டர் 80 வாட்டையே கூடுதலாகத் தடுக்கிறது. தலை இடிக்கும் ஜீப்பில் 12 போதும்.

அலுமினியத் தாளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. பளபளக்கும் அலுமினியம் கதிர்வீச்சைத் திருப்பும். அதன் பரப்பிலிருந்து கதிர்வீச்சு வெளியேறுவதும் மிகக் குறைவு. ஆனால் கதிர்வீச்சு நிகழ அதன் முன்னே ஒரு காற்று இடைவெளி வேண்டும். தகட்டோடு ஒட்டிக் கிடக்கும் தாளுக்குக் கதிர்வீச்சாக எதுவும் வருவதில்லை, கடத்தலாக வருகிறது. கடத்துவதில் அலுமினியம் எஃகையும் மிஞ்சும்! ஆகவே தாளின் பளபளப்பு முகம் ஓர் இடைவெளியைப் பார்த்து இருக்கவேண்டும்.

இடைவெளியின் அருமையை நம் ஊர்க்காரர்கள் நெடுநாளாக அறிவார்கள். மொட்டை மாடிமேல் கீற்றுப் பந்தல் போடுவது அதற்காகவே. வெயில் பந்தலோடு நின்றுவிடும்; நடுவே ஓடும் காற்று சூட்டைக் கொண்டுபோய்விடும். வெப்ப நாடுகளுக்கு அனுப்பிய லேண்ட் ரோவர் வண்டிகளில் இதே தத்துவத்தில் கூரைக்குமேல் இரண்டாவது கூரை ஒன்றை வைத்தார்கள். ஜீப் கூரைமேல் சுமை ஏற்றும் கம்பித் தட்டு இருந்தால் அதன்மேல் ஒரு வெள்ளைப் பலகை போட்டாலே பாதி வேலை முடிந்தது.

குளிர்நாட்டுக் குறிப்புகளைப் பார்த்து வேலை செய்வோர் நம் வெயிலை மறந்துவிடுகிறார்கள். கூரை ஒழுக்குக்கு விற்கும் தார் ஷீட் விலை குறைவு என்று ஜீப்பின் கூரையின் உட்புறத்தில் ஒட்டுவது இப்போது வழக்கமாகி வருகிறது. சாலை போடும் தாரின் இளகுநிலை 50 பாகையை ஒட்டியே உள்ளது. 65 பாகைத் தகட்டில் அது இளகித் தொங்கும், நாற்றமும் வீசும். இளகிய தார் அதிர்வையும் சரிவரத் தணிக்காது. கூரைக்கும் எஞ்சின் தடுப்புக்கும் பியூட்டைல் வகையே ஏற்றது. தெர்மாகோலையோ சாதாரண நுரைப்பஞ்சையோ சைலன்சர் குழாய்க்கு அருகிலுள்ள தகட்டில் ஒட்டக்கூடாது. இரண்டும் எளிதில் தீப்பற்றும். ஒட்டுமுன் ஒரு சிறு துண்டைத் திறந்தவெளியில் பெரியவர் ஒருவரைக் கொண்டு கொளுத்தச் சொல்லிப் பாருங்கள். தீயை விலக்கியதும் தானே அணையும் பொருளை மட்டும் வாங்கலாம்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்கவேண்டாம். நாள் முழுதும் வெயிலில் மூடி நிறுத்திய வண்டி எவ்வளவு நுரை ஒட்டினாலும் சூடேறும். வெப்பத் தடை வெப்பத்தைத் தாமதப்படுத்துமே தவிர ஒழித்துவிடாது. கண்ணாடி வழியாக வரும் வெயிலுக்கு நுரை ஒரு தடையே அன்று. அந்த வண்டிக்குப் புளியமர நிழல்தான் சிறந்தது.

ஓட்டுநரின் செவி

எல்லா ஒலியையும் தடுத்துவிடலாம் என்று வைத்துக்கொண்டாலும் தடுக்கக்கூடாது. போடிமெட்டு வளைவில் எதிரே வரும் வண்டியை ஓட்டுநர் பார்ப்பதற்கு முன் அதன் ஹாரனைக் கேட்கிறார். எஞ்சின் திணறுவதையும் பிரேக் கட்டை உராய்வதையும் ஒலியால்தான் அறிகிறார். நல்ல வேளையாக நிறை விதி இதை எளிதாக்குகிறது: தரையையும் எஞ்சின் தடுப்பையும் கனமாக்கி, கண்ணாடியையும் கதவின் மேற்பகுதியையும் அப்படியே விட்டால், கீழிருந்து வரும் முழக்கம் குறையும், வெளியிலிருந்து வரும் ஹாரன் ஒலி கேட்கும். இரைச்சல் குறைந்த வண்டியில் ஹாரன் முன்னைவிடத் தெளிவாகவே கேட்கும்.

இறுதியாக உங்களுக்கு ஒரு கணக்கு. தகரக் கூரை போட்ட ஒரு ஜீப்பின் உள்நீளம் 2 மீட்டர். எஞ்சினுக்கு மூன்று உருளைகள்; நான்கு வீச்சு. காற்றின் வெப்பநிலை 40 பாகை. குமுறல் எழும் எஞ்சின் வேகம் என்ன? மூன்று உருளைகள் இரண்டு சுற்றில் எத்தனை முறை எரிபொருளை எரிக்கும் என்பதிலிருந்து தொடங்குங்கள். விடை கிடைத்ததும், அதே ஜீப் குளிர்ந்த 15 பாகைக் காலையில் மலைமேல் நிற்கும்போது அந்த வேகம் கூடுமா, குறையுமா என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள்.